முத்திரைத் தொடை

காஜா மொய்தீனின் கடைக் கறியின் மேல் பினாயிலைக் கொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கொட்டச் சொன்ன இன்ஸ்பெக்டரின் வீட்டு அடுப்பில் அதே ஆட்டின் தொடை வெந்துகொண்டிருந்தது.

இது காஜாவுக்குத் தெரியும். சுகாதார இன்ஸ்பெக்டர் பரசுராமனுக்கும் தெரியும். பினாயில் புட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்த டவாலிச் சேவகன் ஏகாம்பரத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காலையில் அந்தத் தொடையைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். தெரியாதவர் ஒருவர்தான். நகரசபைக்குப் புதிதாக வந்திருந்த ஹெல்த் ஆபீசர். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னும் ஊற்று” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம் மார்க்கெட்டில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் காஜாவின் கடையில் வாடிக்கையாக வாங்குகிறவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் தன் கொக்கியில் தொங்கிய முத்திரையைத் தெருப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தான்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் விடியும் முன்பே ஆடுகளை அறுத்துவிடுவார்கள். அங்கே டாக்டர் பார்த்து, நோயில்லை என்றால், வலது பின்னந்தொடையில் ஊதா மசியால் ஒரு முத்திரை குத்துவார்கள். முத்திரை விழுந்த ஆடுதான் மார்க்கெட்டுக்கு வரலாம். ஒரு ஆட்டுக்கு ஒரே முத்திரை. ஆகவே கசாப்புக்காரர்கள் மற்றதையெல்லாம் விற்றுத் தீர்த்த பிறகுதான் முத்திரைத் தொடையில் கத்தி வைப்பார்கள். அதுவரை அது கொக்கியிலேயே தொங்கும். கடைக்கு அதுதான் சாட்சி.

பரசுராமன் ஞாயிறு தவறாமல் ஏகாம்பரத்தை அனுப்பித் தொடைக்கறி வாங்குவார். வாங்குவார் என்றால் எடுத்துக்கொள்வார். முதலில் முத்திரை இல்லாத இடது தொடைதான் போய்க்கொண்டிருந்தது. பிறகு இன்ஸ்பெக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொட்டிக்கே போகாத ஆட்டைத் தன் தலையில் கட்டிவிடுகிறார்களோ என்று. அதிலிருந்து உத்தரவு மாறியது.

“முத்திரை கீற தொடைதான் வேணுமாம் பாய்” என்று ஏகாம்பரம் வந்து நின்றான்.

“அதைக் கடைசிலதான்யா வெட்டணும். மொதல்லயே குடுத்துட்டா மிச்சக் கறிக்கு எவன் சாட்சி? யாராச்சும் வந்து கேட்டா நான் இன்னா பண்றது?”

“கேக்கறதே அவர்தானே பாய். அவரே வேணாங்கிறப்போ உனுக்கு இன்னா? அந்த வூட்டு அம்மா மசியைப் பாத்தாத்தான் சட்டியை அடுப்புல ஏத்துது.”

காஜா அதை நம்பினார். சோதிக்க வருகிறவருக்கே கொடுத்துவிட்டால் சோதனை எங்கிருந்து வரும் என்று நினைத்தார். மார்க்கெட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பினாயில் கொட்டிய அந்த ஞாயிறு, ஹெல்த் ஆபீசர் யாரிடமும் சொல்லாமல் வந்தார். இன்ஸ்பெக்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடி வந்தார். ஆபீசர் காஜாவின் கடை முன்னால் நின்று, “இதற்கு முத்திரை எங்கே?” என்று கேட்டார்.

காஜா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தராசைப் பார்த்தார்.

“இந்த ஆட்களே இப்படித்தான் சார்” என்றார் பரசுராமன்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. முத்திரை இல்லாத இறைச்சியை விற்றதால் லைசென்சு ரத்து. கடையைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். அடுத்த ஏலத்தில் கடை வேறு ஆளுக்குப் போகும் என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது. காஜாவின் வாப்பா மண் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து வியாபாரம் பார்த்த இடம் அது. மார்க்கெட்டுக்குக் கூரை வந்ததே அதற்குப் பிறகுதான்.

காஜா அன்று மாலை இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்க் கத்துவதாக இருந்தார். கிளம்பும்போது ஏகாம்பரம் வந்தான்.

“கத்தாதே பாய். அய்யாவுக்கே மனசு கேக்கலை. மன்னிப்பு கேட்டு ஒரு மனு எழுதிப் போடு, அப்பால நான் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிச்சாரு.”

காஜா இதையும் நம்பினார். நகரசபை ஆபீஸ் வாசலில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனார். விஷயம் என்ன என்றுகூட அவர் முழுசாகக் கேட்கவில்லை. “லைசென்சு மனுவா” என்று பேனாவை மசியில் தோய்த்தார். ‘சமூகத்தின் பாதங்களில் விழுந்து வணங்கி, அடியேன் அறியாமல் செய்த பிழையைப் பொறுத்து’ என்று ஆரம்பித்து, பெண்டு பிள்ளைகளின் பசியைச் சொல்லி, ‘இனி ஒருபோதும் இக்குற்றம் செய்யேன்’ என்று முடித்தார். காஜா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

பதில் சீக்கிரமே வந்தது. குற்றத்தை மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் உத்தரவை மாற்றக் காரணமில்லை. ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் நகரசபைக் கமிட்டிக்கு அப்பீல் செய்துகொள்ளலாம்.

காஜாவின் மனைவி சாபிரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீ முத்திரை இல்லாத கறி வித்தியா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு மன்னிப்பு கேட்டே?”

“எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.”

“வெளிய நாலு பேருகிட்ட வாய் கிழியக் கத்துறே. ஆபீஸ் வாசப்படியைப் பாத்தா மட்டும் காலுல விழறே. அந்த இன்ஸ்பெக்டர் உன் கையாலயே உன் கழுத்தை அறுத்துட்டான்யா. அதுவும் மொட்டைக் கத்தியால.”

காஜா உத்தரவையும் மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு நடந்தார்.

அங்கே ரயில் கூட்ஸ் யார்டில் வண்டிகளை ஒன்றோடொன்று மாட்டுகிற வேலை பார்ப்பவன் கிருஷ்ணப்பன். சின்ன வயதிலிருந்தே காஜாவின் தோஸ்து. அவனை ஒரு தடவை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். அப்பீல் செய்து திரும்ப வாங்கியவன். அதற்கப்புறம் யார்டில் யாருக்கு எந்த உத்தரவு வந்தாலும் இவனிடம்தான் வந்து நிற்பார்கள். அந்தப் பெருமையில் அவன் கொஞ்சம் அதிகமாகவே பேசுவான்.

லெவல் கிராசிங் பக்கத்து டீக்கடையில் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு காகிதங்களையும் கிருஷ்ணப்பன் படித்தான். படித்துவிட்டு மன்னிப்பு மனுவின் நகலை விரல் நுனியால் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

“இன்னாது மாமு இது? கலீஜ். பாதத்துல விழுந்து வணங்கி. எந்தப் பாதம்? அந்தாளு பூட்ஸ் இல்ல போட்டுகினு கீறான்.”

“கிண்டல் பண்ணாதே. எனக்குப் பத்திகினு எரியுது. இப்பவே போய் அவன் வூட்டு முன்னாடி நின்னு...”

“போ. போய் நல்லாக் கத்து. நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷன்ல நாஸ்டா துன்னலாம். லைசென்சு வருமா?”

காஜா உட்கார்ந்தார்.

“கேளு” என்றான் கிருஷ்ணப்பன். “மனு வேற, அப்பீல் வேற. மனுன்னா, ‘அய்யா, நான் பாவம், பாத்து ஏதாச்சும் பண்ணு’. குடுத்தா குடுப்பான், இல்லாட்டிப் போவான். அப்பீல்னா, ‘நீ எழுதுனது தப்பு, இன்ன எடத்துல தப்பு, மாத்து’. மேல குந்திகினு கீறவன் அதுக்கு பதில் சொல்லியாவணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். ஆனா நம்ம ஆளுங்களுக்கு அதுதான் வராது. என்னைத் தூக்குனப்போ நான் இன்னா எழுதுனேன் தெரியுமா? நாலு புள்ளைங்க, ஒரு பொண்டாட்டி, அதுல ஒண்ணுக்குக் காமாலைன்னு எழுதுனேன். கெடாசிட்டாங்க. என் புள்ளைங்கள எண்றதுக்கா ஆபீஸ் வெச்சிகினு கீறாங்க? அவங்க எழுதுன காரணம் இன்னா? நான் ரயில் கார்டை அடிச்சேன்னு. அன்னிக்கு நான் லீவு. அதை எழுதவேயில்லை. அப்பால அப்பீல்ல அந்த ஒண்ணை மட்டும் எழுதுனேன். வேலை வந்திச்சு.”

அவன் உத்தரவை எடுத்துக் காஜாவின் தொடையில் விரித்தான்.

“இதுல இன்னா காரணம் போட்டுக்கீது? முத்திரை இல்லாத கறி. அதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆடு தொட்டிக்குப் போச்சு, முத்திரை விழுந்துச்சு, முத்திரை கீற தொடை காலைலயே கடையை விட்டுப் போயிடுச்சு, மிச்சம் அதே ஆட்டுக் கறி. லைசென்சைத் திருப்பிக் குடுங்க. இவ்ளோதான் எழுதணும். கூடவே இந்த உத்தரவோட நகலை வெக்கணும். தேதி தாண்டாம குடுத்துட்டு, வாங்கினேன்னு அவங்க சீல் குத்தி வாங்கிக்கணும். கூப்பிடற அன்னிக்கு நீயே போய் நிக்கணும்.”

“தொடை யார் வூட்டுக்குப் போச்சுன்னு எழுதலையே?”

“எழுதாதே.”

“ஏன்யா? அதானே விஷயமே.”

“மாமு, நிதானமா கேளு. ஓசில குடுத்தேன்னு நீ சொன்னா, எதுக்குக் குடுத்தேம்பான். லஞ்சம் குடுத்த கசாப்புக்காரன்னு உன்னை அமுக்கிடுவான். அந்தாளு இன்ஸ்பெக்டர், தப்பிச்சுக்குவான். நீ தப்பிக்கமாட்டே. கமிட்டில நீ ஓசிங்கிற வார்த்தையை எடுக்கவே கூடாது. சத்தியம் பண்ணு.”

காஜா சத்தியம் செய்யவில்லை. “பாக்கலாம்” என்றார்.

அப்பீலைக் கொடுக்கப் போனபோது ஆபீஸ் குமாஸ்தா அதை வாங்கவில்லை. “இதென்ன, மரியாதையே இல்லாமல் எழுதியிருக்கிறது? பணிவோடு ஒரு மனுவாக எழுதிக்கொண்டு வா” என்றார். காஜாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கிருஷ்ணப்பன் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “வாங்கமாட்டேன்னு இதுலயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், போயிடறோம்” என்றான். குமாஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீல் கட்டையை எடுத்தார்.

விசாரணை நாள் வரும்வரை காஜா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கத்தி பிடித்துப் பழகிய தோள், மூட்டையைத் தாங்கவில்லை. கறி வாங்க வருகிறவர்கள் சிலர் அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். சிலர் நின்று, “இன்னா பாய், செத்த ஆட்டையா வித்தே?” என்று விசாரித்தார்கள். முத்திரை இல்லை என்று ஆரம்பித்த பேச்சு, மார்க்கெட்டைச் சுற்றி வருவதற்குள் செத்த ஆடாகிவிட்டிருந்தது. மசூதியில் தொழுகை முடிந்து வரும்போதுகூட ஒரு பெரியவர் அவரைத் தனியே அழைத்து, “உண்மையைச் சொல்லு தம்பி. எங்க வூட்லயும் உன் கடைக் கறிதான்” என்றார். காஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அல்லாவின் பேரைச் சொல்லி அறுக்காத ஒரு துண்டுகூட அவர் கடையில் விற்றதில்லை.

கமிட்டி அறையில் ஒரு நீள மேஜை. அதன் பின்னால் மூன்று பேர். சுவரில் ஜார்ஜ் மன்னர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் சங்கரநாராயணன் வயதான வக்கீல், சுத்த சைவம். ‘தொடை’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அவர் தண்ணீர் டம்ளரைத் தொட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் காஜா. அந்தப் பக்கம் பரசுராமன், மடிப்புக் கலையாத கோட்டு. ஏகாம்பரம் கதவோரம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சாபிரா வாசற்படிக்கு வெளியே நின்றாள். கிருஷ்ணப்பனை உள்ளே விடவில்லை.

தலைவர் முதலில் எடுத்தது மன்னிப்பு மனுவைத்தான்.

“அறியாமல் செய்த பிழை என்று நீரே எழுதியிருக்கிறீர். இனி இக்குற்றம் செய்யேன் என்கிறீர். இப்போது குற்றமே செய்யவில்லை என்று அப்பீல். எது உண்மை?”

கிருஷ்ணப்பன் இதற்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தான். காஜாவுக்கு அது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. வாசலிலிருந்து சாபிராவின் குரல் வந்தது.

“அய்யா, ஒரு வார்த்தை. எங்க தெருக் கொழாயில தண்ணி வரலைன்னு போன வருசம் ஒரு மனு குடுத்தோம். அதே ஆளுதான் எழுதினாரு. அதுலயும் அறியாமல் செய்த பிழையைப் பொறுத்துன்னுதான் எழுதினாரு. தண்ணி வராததுக்கு நாங்க இன்னா பிழை செஞ்சோம்? அவருக்குத் தெரிஞ்ச ஆரம்பமே அதுதான்.”

கமிட்டியின் மூன்றாவது ஆள் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் மனுவைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார்.

“ஒரு ஆட்டுக்கு எத்தனை முத்திரை?”

“ஒண்ணுதான், எசமான். வலது பின்னந்தொடைல.”

“ஏன் ஒன்றே ஒன்று? நாலு இடத்தில் குத்தினால் இந்த வழக்கே வந்திராதே.”

“அதை நீங்கதான் சொல்லணும். மசி உங்களுது.”

தலைவர் தண்ணீர் குடித்தார். “சரி. அந்த... முத்திரை உள்ள பாகம் காலையிலேயே போய்விட்டது என்கிறீர். கடைசியில் அல்லவா அதை விற்க வேண்டும்? யாருக்குப் போயிற்று?”

கிருஷ்ணப்பனின் விரல்கள் இன்னும் காஜாவின் கையை அழுத்துவது போலிருந்தது. கதவோரத்தில் ஏகாம்பரம் தரையைப் பார்த்தான்.

“கேட்டதற்குப் பதில் சொல்லும்.”

“வாடிக்கைக்காரங்க ஒருத்தருக்கு.”

“பேர்?”

காஜா கதவோரத்தைப் பார்த்தார்.

பரசுராமன் தொண்டையைக் கனைத்தார். “நான் சொல்கிறேன் சார். அப்படி ஒரு வாடிக்கைக்காரரே கிடையாது. முத்திரையும் கிடையாது. அந்த ஆடு தொட்டிக்குள்ளேயே போகவில்லை. எனக்குத் தெரிந்தவரை அது செத்த ஆடாகக்கூட இருக்கலாம். மார்க்கெட் பூராவும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.”

காஜாவுக்குக் காது அடைத்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கமிட்டியும் தெரியவில்லை, மேஜையும் தெரியவில்லை. மூட்டை தூக்கிய தோளும், தனியே அழைத்துக் கேட்ட அந்தப் பெரியவரின் முகமும்தான் முன்னால் நின்றன.

“செத்த ஆடா?” என்றார். குரல் உயரவில்லை. அதனாலேயே அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். “அப்ப அன்னிக்கு உன் வூட்ல துன்னதும் செத்த ஆடுதான்யா. நீ துன்னே. உன் பொண்டாட்டி துன்னுச்சு. உன் புள்ளைங்க துன்னுச்சு. அதே ஆட்டுத் தொடைதான் உன் டவாலி பைல போச்சு. முத்திரையோட போச்சு. ஓசியில போச்சு. என் கறி மேல பினாயில் கொட்டினப்போ உன் அடுப்புல கொதிச்சிகினு இருந்திச்சு.”

வாசலில் சாபிரா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லக்கூடாத வார்த்தை வந்துவிட்டது.

பரசுராமனின் முகம் சிவந்தது. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கமிட்டியின் முன்னால், மேலதிகாரிகளின் முன்னால், தம்மை ஓசிக்கறி தின்னி என்று ஒரு கசாப்புக்காரன் சொல்லிவிட்டான்.

“ஓசியா? யாரைப் பார்த்து ஓசி என்கிறாய்? ஒரு காசு பாக்கி வைத்து வாங்கியது கிடையாது சார் நான். ஏகாம்பரத்திடம் ஒவ்வொரு ஞாயிறும் பணம் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். அன்றைக்கும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.”

“அன்றைக்கும்” என்றார் தலைவர்.

“அன்றைக்கும்தான் சார்.”

“இந்தக் கடைக்கு?”

“இந்தக் கடைக்கு...” பரசுராமன் நிறுத்தினார்.

“உட்காருங்கள். நின்றுகொண்டே சொல்ல வேண்டாம். நான் இந்தப் பதார்த்தம் தொடுகிறவன் அல்ல, ஆகையால் தெரியாமல் கேட்கிறேன். சுகாதார இன்ஸ்பெக்டராகிய நீங்கள் முத்திரை பார்க்காமல் வாங்குவதுண்டா?”

வெளியே எங்கோ டிராம் மணி அடித்தது. உண்டு என்றால் வேலைக்கு ஆபத்து. இல்லை என்றால் காஜா சொன்னதெல்லாம் உண்மை. பரசுராமன் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்துத்தான் வாங்குவேன் சார்” என்றார் கடைசியில்.

“அன்று காலை இந்தக் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்ததில் முத்திரை இருந்தது. அதே நாள், அதே கடையில் முத்திரை இல்லை என்று ரிப்போர்ட் எழுதியதும் நீங்கள். எழுதும்போது அது எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.”

கேள்வி இல்லை என்பதால் பரசுராமன் பதில் சொல்லவில்லை.

உத்தரவு வந்தது. லைசென்சு ரத்து செல்லாது. கடையைத் திறந்து கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு எண்ணூர்ப் பக்கம் வேறு டிவிஷன். முத்திரை உள்ள பாகத்தை முறை தவறி முதலில் விற்றதற்காகக் காஜா மொய்தீனுக்கு எச்சரிக்கை.

கிருஷ்ணப்பன் உத்தரவை மடித்தபடியே, “நான் சொல்லிக்குடுத்ததை ஒண்ணுகூடச் சொல்லாம ஜெயிச்சுட்டே. இதை யார்டுல போய் நான் எப்படிச் சொல்றது?” என்றான்.

“எச்சரிக்கையாம். எனக்கு. அவனுக்கு வேற டிவிஷனாம்” என்றார் காஜா. “எண்ணூர்ல ஒரு கசாப்புக்காரன் இன்னிக்கே தொடையை வெட்டி வெச்சிகினு காத்துகினு கீறான். இதுக்கு அப்பீல் கீதா?”

“அது வேற ஆளு போடணும். உனக்குப் பாதிப்பு வந்தாத்தான் நீ போடலாம்.”

“எனக்கு எரியுதே. அது பாதிப்பு இல்லையா?”

“இல்ல மாமு.”

அரக்கை உடைத்துக் கடையைத் திறந்த முதல் ஞாயிறு. காஜா கடையைக் கழுவிக் கழுவிப் பார்த்தார். பினாயில் வாசனை கட்டையை விட்டுப் போகவில்லை. கூட்டம் வந்தது. செத்த ஆடு என்று கேட்டவர்களும் ஒன்றுமே நடக்காதது போல வந்து, “நல்லா எலும்பாப் போடு பாய்” என்றார்கள். காஜா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்டிக்கொண்டேயிருந்தார். முத்திரைத் தொடை தெருவைப் பார்த்துத் தொங்கியது.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது ஏகாம்பரம் வந்து நின்றான். மார்பில் டவாலிப் பட்டை இல்லை. பையும் இல்லை.

காஜாவின் கத்தி நின்றது. “இன்னா? புது அய்யாவுக்குத் தொடை வேணுமா?”

“என்னைத் தூக்கிட்டாங்க பாய்.”

“நல்லது.”

“அய்யா குடுத்து அனுப்பிச்ச பணத்தை நான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அமுக்கிட்டேன்னு எழுதிட்டாங்க. அய்யா பணம் குடுத்தேன்னு சொல்லிட்டாரு, உனக்குப் பணம் வரலைன்னு நீ சொல்லிட்டே. நடுவுல நான்தானே கீறேன்.”

“பினாயில் கொட்டினப்போ வாயைத் தெறந்தியா நீ? கமிட்டில தெறந்தியா? மன்னிப்பு மனு எழுதுன்னு எனக்கு வந்து சொன்னியே, அந்த வாய்தானே இது?”

“அதான்.” ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். “நானும் ஒண்ணு எழுதிகினு வந்தேன். கமிட்டி அய்யாகிட்ட நீ ஒரு வார்த்தை...”

காஜா ரத்தக் கையைத் துடைக்காமலே அதைப் பிடுங்கினார். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றாலும், இந்த ஆரம்பம் அவருக்கு மனப்பாடம். சமூகத்தின் பாதங்களில் விழுந்து வணங்கி, அடியேன் அறியாமல் செய்த பிழையை.

“பணத்தை நீ எடுத்தியா?”

“குடுத்தாத்தானே பாய் எடுக்கறதுக்கு. ஒரு நாள்கூடக் குடுத்ததில்லை. உனுக்குத் தெரியாதா?”

“அப்ப எதுக்குடா மன்னிப்பு கேக்கறே?”

ஏகாம்பரம் காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

காஜா காகிதத்தைச் சுருட்டி எலும்புக் கூடையில் போட்டார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றிருந்த சாபிரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மீதியும் புரிந்துவிட்டது.

“வேணாம்” என்றாள். “இவன் அப்பீல் போட்டா நீதான் சாட்சி சொல்லணும். பணமே வாங்காமத்தான் குடுத்தேன், மாசக்கணக்கா குடுத்தேன்னு உன் வாயாலயே சொல்லணும். கிருஷ்ணப்பன் இன்னா சொன்னாரு? லஞ்சம்பாங்க. திரும்பக் கடையைப் பூட்டுவாங்க.”

“கமிட்டில ஒரு தடவை சொல்லிட்டேனே.”

“கோவத்துல சொன்னது அது. இது வேற. எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“இப்ப மட்டும் எனக்குக் கோவம் தீந்துடுச்சுன்னு உனக்கு யார் சொன்னது?”

அவர் கையைக் கழுவினார். கத்தியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். முத்திரைத் தொடையைக் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை.

“கடையைப் பாத்துக்க. இதை நான் வர்ற வரைக்கும் யாருக்கும் வெட்டாதே. ஜார்ஜ் மன்னரே வந்து கேட்டாலும் குடுக்காதே.” பிறகு ஏகாம்பரத்திடம் திரும்பினார். “உன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குப் பேஜாரா கீது. முன்னாடி நட.”

“எங்க பாய்?”

“கொருக்குப்பேட்டைக்கு. வழியில ஒரு வார்த்தை பேசாதே. உனக்குப் புள்ளைங்க எத்தினின்னு மட்டும் அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே.”